ஐட்லிங் உதறல், விசில், கட்டைப் பிரேக்: பெட்ரோல் காரில் காற்று லீக்கைத் தேடும் வழி

ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் தானே ஓடுவது) சரியில்லை என்று கடலூரில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பெட்ரோல் கார்களில் நிறைய, ஏற்கெனவே ஒரு சுற்று செலவு பார்த்துவிட்டுத்தான் வருகின்றன. பிளக் மாற்றியிருப்பார்கள், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குக் காற்றை அளவாக விடும் கதவு) கழுவியிருப்பார்கள், இன்ஜெக்டர் கிளீனிங்கும் முடிந்திருக்கும். சிலர் ஆக்ஸிஜன் சென்சாரே புதிதாகப் போட்டிருப்பார்கள். உதறல் மட்டும் அப்படியே இருக்கும். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், விரல் தடிமன் ரப்பர் ஓஸ் ஒன்று வளைகிற இடத்தில் கீழ்ப்பக்கமாக வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் புதுசு போலத் தெரியும். பிடித்து மடக்கினால்தான் வாய் திறக்கும்.

த்ராட்டில் வழியாக வராமல் வேறு ஓட்டை வழியாக இன்ஜினுக்குள் காற்று புகுவதுதான் வேக்குவம் லீக். நம் பக்கம் இது அடிக்கடி வரக் காரணம் உண்டு. ரப்பரை வெடிக்க வைப்பது இன்ஜின் சூடும் ஆயில் புகையும்; அது எல்லா ஊரிலும் நடக்கும். ஆனால் தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் வாசலிலேயே நிற்கிற வண்டிகளில் உப்புக்காற்று பட்டு ஓஸ் கிளிப் துருப்பிடித்து இறுக்கம் போய்விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் சாக்கடையும் நிரம்பினால் எலி காய்ந்த இடம் தேடி இன்ஜின் மேல் ஏறுகிறது. பத்து நாள் எடுக்காமல் நின்ற வண்டி என்றால் முதலில் எலி கடித்த ஓஸைத்தான் தேட வேண்டும்.

## கை வைக்கும் முன்

இங்கே சொல்வது பெட்ரோல் காருக்கு. டீசல் காரில் பிரேக் பூஸ்டருக்கு (பெடல் மிதியை லேசாக்கும் பாகம்) வேக்குவம் தருவது பெரும்பாலும் தனி பம்ப். அதன் சோதனை வேறு.

ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, திறந்த வெளியில் செய்யுங்கள். ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டால் சைலன்சர் புகை உயிருக்கே ஆபத்து. தோளில் துண்டு, துப்பட்டா எதுவும் வேண்டாம், லுங்கியோடு குனிய வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் சோதனையை நிறுத்திவிட்டு அந்த லீக்கை முதலில் பாருங்கள்.

ஊதுவத்தி கொளுத்தி, புகை எங்கே இழுக்கப்படுகிறது என்று பார்க்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நான் யாரையும் அதைச் செய்ய விடுவதில்லை. பெட்ரோல் ஓடும் குழாய்களுக்கு நடுவே கனல் எதற்கு?

## அறிகுறி 1: சிக்னலில் நின்றால் உதறுகிறது, சில நேரம் ஆஃப் ஆகிறது, ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடுகிறது

"அண்ணே, ஓடும்போது ஒண்ணும் தெரியல, நின்னாத்தான் ஆஃப் ஆவுது." காற்று லீக்கின் நேரடியான அடையாளம் இதுதான். ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்ன ஓட்டைகூடப் பெரிதாகத் தெரியும். ரேஸ் கொடுத்தால் உள்ளே போகும் மொத்தக் காற்றில் அந்த ஓட்டையின் பங்கு சுருங்கிவிடும். ரேஸ் கொடுத்தாலும் உதறல் போகவில்லை என்றால் பிளக், காயில், பெட்ரோல் பிரஷர் பக்கம் போங்கள்.

### செலவில்லாத பார்வை

இன்ஜினை அணைத்து, சூடு ஆறியபின் மேல் கவரைக் கழற்றுங்கள். கையில் கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் நல்லது.

- ஆயில் ஊற்றும் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா, டிப்ஸ்டிக் முழுதும் உள்ளே இறங்கியிருக்கிறதா? சர்வீஸுக்குப் போய் வந்த உடனே உதறல் ஆரம்பித்தது என்றால் தொடங்க வேண்டிய இடம் இது.
- ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் பெரிய ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காற்றை அளக்கும் சென்சார் ஃபில்டர் பக்கம் இருக்கிற வண்டியில் இந்த வெடிப்பும் அதே உதறலைக் கொடுக்கும்.
- வால்வு கவரிலிருந்து மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) ஆயில் ஆவியைக் கொண்டுபோகும் பி.சி.வி. ஓஸ். நான் பார்த்தவரை அதிகம் வெடிப்பது இதன் எல்போதான். ஆயில் ஆவி பட்டுப் பட்டு ரப்பர் ஊறி, அழுத்தினால் சப்பாத்தி மாவு போலக் குழையும். அல்லது காய்ந்து மொறுமொறுவென்று உடையும். இரண்டுமே மாற்ற வேண்டியதுதான்.
- மேனிஃபோல்டில் ரப்பர் மூடி போட்ட காலி நிப்பிள் இருக்கும். அந்த மூடி எங்கேயோ விழுந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஓஸ் முனை மட்டும் வெடித்திருந்து நீளமும் இருந்தால், அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகலாம். நடுவில் வெடித்தால் மாற்றிவிடுங்கள். டேப் சுற்றுவது வீடு போய்ச் சேரும்வரைதான் தாங்கும். சூட்டில் பசை உருகிப் பிரிந்துவிடும்.

### கேட்டும் கிள்ளியும் பார்ப்பது

கண்ணில் படவில்லை என்றால் இன்ஜினை ஓடவிடுங்கள். ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். "ஸ்ஸ்ஸ்" என்று எங்கே கூர்மையாகிறதோ அதற்குப் பக்கத்தில்தான் லீக். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கிட்டே குழாயைக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொரு வேக்குவம் ஓஸையும் துணி சுற்றிய பிளையரால் ஒரு நொடி நெரியுங்கள். எதை நெரித்தால் ஐட்லிங் சட்டென்று சீராகிறதோ, அந்த ஓஸிலோ அது போய்ச் சேரும் பொருளிலோ கோளாறு. கெட்டிப் பிளாஸ்டிக் குழாயை நெரிக்காதீர்கள், உடைந்துவிடும்.

### ஸ்பிரே சோதனை

செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலே போதும். காயிலிலும் வயர் கனெக்டரிலும் படாமல், மேனிஃபோல்ட் இன்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்திலும் த்ராட்டில் பாடி அடியிலும் இன்ஜெக்டர் ஓ-ரிங் சுற்றிலும் லேசாகத் தெளியுங்கள். லீக் இருக்கிற இடத்தைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும்போது இன்ஜின் சத்தம் மாறும். சோப்புத் தண்ணீர் ஊற்றி நுரைக்காகக் காத்திருக்காதீர்கள். இங்கே காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது. நுரை வராது.

மெக்கானிக்குகள் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பார்கள். அது லீக் வழியே உள்ளே போனதும் இன்ஜின் வேகம் மாறுவதால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் அது பெட்ரோல் மாதிரியே பற்றும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. பழக்கமில்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. தண்ணீரில் தெரியவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுங்கள்.

### நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்

மேனிஃபோல்ட் பேக்கிங், இன்ஜெக்டர் ஓ-ரிங், வெடித்த பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் இவற்றில் ஏதாவது ஒன்று என்று சந்தேகம் வந்தால் வீட்டில் கழற்ற வேண்டாம். இன்ஜெக்டர் ரெயிலில் பிரஷரோடு பெட்ரோல் நிற்கும். மேனிஃபோல்ட் போல்ட்டுகளைச் சொன்ன வரிசையில், சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கவில்லை என்றால் புதுப் பேக்கிங்கும் லீக் ஆகும்.

## அறிகுறி 2: ஐட்லிங் உயரமாக நிற்கிறது, அல்லது ஏறி ஏறி இறங்குகிறது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங் ஆயிரத்துக்கு மேல் நின்று சில நிமிடத்தில் இறங்குவது இயல்பு. ஏ.சி. போட்டால் கொஞ்சம் ஏறுவதும் இயல்பு. சூடான இன்ஜின், ஏ.சி. இல்லாமல், 700 முதல் 850 ஆர்.பி.எம். பக்கம் நிற்க வேண்டிய வண்டி 1,100, 1,200-இல் நின்றால்தான் தேட வேண்டும்.

முதலில் காலடியில் விரித்த ஃப்ளோர் மேட் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறதா என்று பாருங்கள். கேபிள் வண்டியாக இருந்தால் கேபிள் இறுகியிருக்கிறதா பாருங்கள். அண்மையில் த்ராட்டில் பாடி கழுவியிருந்தால், ஸ்கேனரில் ஐட்லிங் ரீலேர்ன் (புது அளவைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது) செய்யாததாலேயே உயரமாக நிற்கலாம். இவை மூன்றும் இல்லை என்றால் லீக் தேடும் வேலை அறிகுறி 1-இல் சொன்னதேதான்.

பலர் இடறுகிற இடம் இது: காற்றை நேராக அளக்காமல் மேனிஃபோல்ட் பிரஷரை வைத்துக் கணக்கிடும் மேப் சென்சார் வண்டிகள் நம் சாலைகளில் ஏராளம். அவற்றில் லீக் இருந்தால் கம்ப்யூட்டர் உள்ளே கூடிய பிரஷரைப் பார்த்து அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும். அதனால் பெரும்பாலும் உதறலும் இருக்காது, செக் இன்ஜின் லைட்டும் எரியாது. ஐட்லிங் உயரும், அவ்வளவுதான். "எரர் கோடு (கம்ப்யூட்டரில் பதியும் கோளாறு எண்) எதுவும் இல்லை, அதனால் லீக் இல்லை" என்று யாராவது சொன்னால் இந்த வண்டிகளில் அதை ஏற்காதீர்கள்.

ஸ்கேனர் இருந்தால் மேப் அளவைப் பாருங்கள். சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது, கடல் மட்டத்தில் இருக்கிற நமக்கு 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்டும். சூடான இன்ஜின் ஐட்லிங்கில் 25 முதல் 40 வரை இறங்க வேண்டும். 50-ஐத் தாண்டியே நிற்கிறது என்றால் லீக் சந்தேகம் வலுக்கிறது. வால்வு டைமிங், கம்ப்ரஷன் குறைவிலும் இதே அளவு வரும் என்பதால், ஓஸ்களெல்லாம் நன்றாக இருந்தும் 50-ஐ விட்டு இறங்காத வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 3: பிரேக் பெடல் கட்டையாகிவிட்டது, அல்லது பிரேக் மிதித்தால் இன்ஜின் தடுமாறுகிறது

இதில் மட்டும் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பிரேக் பூஸ்டர் வேலை செய்வது இதே வேக்குவத்தில்தான். அது இல்லை என்றால் பெடலில் இரண்டு மூன்று மடங்கு பலம் போட்டாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். ஈ.சி.ஆரில் அந்த வண்டியோடு போக முடியாது.

நின்ற இடத்திலேயே இரண்டு சோதனை செய்யலாம்.

முதலாவது: இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் அடியில் பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது. இறங்கவே இல்லை என்றால் வரவில்லை.

இரண்டாவது: இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். கொஞ்சம் பொறுத்து மிதித்தால் முதல் மிதி நன்றாக உள்ளே போக வேண்டும்; அடுத்தடுத்த மிதிகளில் பெடல் மேலேயே நிற்க வேண்டும். முதல் மிதியே கட்டை என்றால் வேக்குவம் தேங்கி நிற்கவில்லை.

- மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் தடித்த ஓஸையும் இரண்டு முனை கிளிப்புகளையும் பாருங்கள்.
- அந்த ஓஸில் ஒரு செக் வால்வு இருக்கும். கழற்றி வாயால் ஊதினால் காற்று ஒரு பக்கம் மட்டுமே போக வேண்டும். இரு பக்கமும் போனால் வால்வு போய்விட்டது. விலை அதிகமில்லாத சாமான்தான்.
- இரண்டும் சரி, ஆனால் மிதிக்கும்போது காலடியில் சீறல் கேட்கிறது, கூடவே ஐட்லிங் விழுகிறது என்றால் பூஸ்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது.

பூஸ்டர் மாற்றுவது தெரிந்த மெக்கானிக் வேலை. ஓஸ், வால்வு இரண்டிலும் தீரவில்லை என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் ஆளை வரவழையுங்கள், அல்லது டோ செய்யுங்கள்.

## அறிகுறி 4: பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

இதை நம் ஊர்க் கோளாறு என்றே சொல்லலாம். புதுச்சேரி எல்லைக்குள் விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் முள்ளோடை தாண்டிக் கன்னியக்கோயில் பக்கம் போய் டேங்க்கை நிரப்புவார்கள். போனது போனோம் என்று, நாசில் தானாக 'டக்'கென்று நின்ற பிறகும் "ரவுண்டா போட்டுடு தம்பி" என்று கழுத்துவரை ஊற்றச் சொல்வார்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவிக்காக வைத்திருக்கும் கரி டப்பாவுக்குள் போகிறது. கரி நனைந்து தூளாகி, ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வில் சிக்கினால் வால்வு மூடாமல் நின்றுவிடும். அது மேனிஃபோல்டில் நிரந்தர ஓட்டை. பெட்ரோல் போட்ட நேரத்தில் ஆவி நிறைய இழுக்கப்பட்டு இன்ஜின் மூச்சுத் திணறும்.

அடையாளம் தெளிவானது: மற்ற நேரம் ஒரே சாவியில் எடுக்கும், பங்க்கில் மட்டும் நாலு முறை சுற்ற வேண்டும், ஆக்சிலரேட்டரை மிதித்தபடி எடுத்தால் எடுத்துவிடும்.

சோதனை சுலபம். ஆறின இன்ஜினில் பர்ஜ் வால்வின் வயர் கனெக்டரை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கரி டப்பாவிலிருந்து வரும் ஓஸை வால்விலிருந்து கழற்றி அந்த வாயில் விரலை வையுங்கள். இழுக்கவே கூடாது. இழுத்தால் வால்வு மூடவில்லை. கழற்றி எடுத்து ஊதினாலும் காற்று போகக் கூடாது. வால்வை நீங்களே மாற்றலாம். மாற்றிய வால்வும் சீக்கிரமே போய்விட்டால் கரி டப்பா உடைந்து தூள் கொட்டுகிறது என்று பொருள், அதற்கு ஒர்க்‌ஷாப்தான்.

நாசில் ஒருமுறை நின்றால் அதோடு போதும்.

## அறிகுறி 5: செக் இன்ஜின் லைட், பி0171 அல்லது பி0174

இரண்டுமே "காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்று சொல்லும் எரர் கோடுகள். இந்தியாவில் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்ட ஓ.பி.டி. (வண்டியே தன் கோளாறைக் கண்டறியும் ஏற்பாடு) விதி வந்த பிறகு தயாரான கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட் இருக்கும். போனோடு இணைகிற சின்ன ப்ளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தவறான சாமானை ஒருமுறை மாற்றும் செலவில் பலமுறை பயன்படும்.

பார்க்க வேண்டியது ஃப்யூல் டிரிம்: கலவையைச் சரிசெய்ய கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். சூடான இன்ஜினில் ஐட்லிங்கில் ஒரு முறை, 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்து ஒரு முறை.

- ஐட்லிங்கில் +20, 2,500-இல் +3, +4 என்று இறங்கினால் வேக்குவம் லீக். வேறு எதையும் மாற்றாமல் அதைத் தேடுங்கள்.
- ஐட்லிங்கில் சரியாக இருந்து வேகம் கூடக் கூட ஏறினால் லீக் இல்லை. பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் போங்கள்.
- எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி சில சதவீதம் மட்டும் கூடுதலாக நின்றால், பழைய வண்டியில் இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலே அதற்குக் காரணமாக இருக்கலாம். எத்தனால் கூடினால் அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் தேவைப்படும். இதற்கு எந்தச் சாமானும் மாற்ற வேண்டாம்.

ஒரு பொய்ச்சாட்சி உண்டு, கடலோர வண்டியில் அது அதிகம். எக்ஸாஸ்ட் ஃப்ளாஞ்ச் (புகைக்குழாய் இணையும் தகடு) துருப்பிடித்து ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்தால், வெளிக்காற்று உள்ளே கலந்து சென்சாரை ஏமாற்றும். டிரிம் ஏறும், மேனிஃபோல்டில் எந்த லீக்கும் இருக்காது. காலையில் ஆறின இன்ஜினில் அடியிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வருகிறதா, ஃப்ளாஞ்சைச் சுற்றிக் கருப்புப் புகைத்தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மேனிஃபோல்டைக் கழற்ற விடுங்கள்.

## அறிகுறி 6: ஐட்லிங்கில் விசில் அல்லது ஊளைச் சத்தம்

ஆயில் மூடியைத் திறக்கப் பாருங்கள். உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால், திறந்ததும் விசில் நின்றால், வால்வு கவரில் இருக்கும் பி.சி.வி. டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. சில வண்டிகளில் டயாஃப்ரம் தனியாகக் கிடைக்கும், பலவற்றில் கவரோடுதான் மாற்ற வேண்டும். வாங்கும் முன் ஸ்பேர்ஸ் கடையில் சேஸிஸ் நம்பர் சொல்லிக் கேளுங்கள். விசில் ரேஸ் கொடுக்கும்போது மட்டும் வந்து, பிக்கப்பும் குறைந்தால், டர்போ வண்டியாக இருக்கும்பட்சத்தில் அது பூஸ்ட் லீக், அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் காற்று வெளியே கசிவது.

## அறிகுறி 7: காலையில் மட்டும் உதறல், சூடானதும் சரி

மேனிஃபோல்ட் ஓ-ரிங்கோ பேக்கிங்கோ கெட்டியாகிவிட்டது. சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்கிறது, ஆறினால் திறக்கிறது. மார்கழியில் அதிகம் தெரியும். வண்டியை மாலையில் கொண்டுபோனால் மெக்கானிக்குக்கு ஒன்றும் தெரியாது. இரவே விட்டுவிட்டு, காலையில் அவரையே முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

## சி.என்.ஜி., எல்.பி.ஜி. வண்டிகள்

பின்னால் கிட் மாட்டிய வண்டியில் மேனிஃபோல்டைத் துளைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு நிப்பிள் போட்டிருப்பார்கள். அந்தச் சின்ன ஓஸ் ஒன்று கழன்றாலும் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகும், பெட்ரோலிலும் கேஸிலும் சேர்ந்தே. பெட்ரோலில் சுத்தமாக ஓடி, கேஸில் மட்டும் உதறினால் அது கிட் கோளாறு. அங்கீகாரம் பெற்ற கிட் சென்டரைத் தவிர வேறு யாரையும் தொட விடாதீர்கள்.

## எல்லாம் பார்த்தும் கிடைக்கவில்லை

ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, குறைந்த பிரஷரில் மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்துவார்கள். எங்கே ஓட்டையோ அங்கே நூல் போலப் புகை வரும், கண்ணால் பார்க்கலாம். கடலூரிலோ புதுச்சேரியிலோ போகும் முன் போன் செய்து "ஸ்மோக் மிஷின் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். இல்லை என்று சொல்லி, அதற்குப் பதில் சென்சார் மாற்றிப் பார்க்கலாம் என்றால் அடுத்த ஒர்க்‌ஷாப்பைக் கேளுங்கள்.

லீக் சரியானதும் எரர் கோடை அழித்து, பழைய டிரிமையும் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பண்ருட்டிவரை ஒரு சுற்று போய் வந்து மறுபடி பாருங்கள்: ஐட்லிங்கிலும் 2,500-இலும் டிரிம் பத்துக்குள், முடிந்தால் ஐந்துக்குள் நிற்க வேண்டும். ஐட்லிங்கில் இன்னும் +12, +14 காட்டினால் இரண்டாவது லீக் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரே வயசு ரப்பர்கள் ஒரே சமயத்தில்தான் வெடிக்கும், அதனால் மாற்றிய ஓஸுக்குப் பக்கத்து ஓஸிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.